ஃபைஃபோ காலிதானா?

2024 ஜூனில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், சீரியல் போர்ட்டை இயக்கும் டிரைவர் நிரல் ஒன்றுக்கு ஒரு திருத்தம் வந்தது. எழுதியவர் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) நிறுவனத்துப் பொறியாளர். நேர முத்திரை இந்திய நேரம். தங்கள் சிப்பில் இருக்கும் ஒரு பழுதுக்கு நிறுவனமே வெளியிட்டிருந்த வைத்தியத்தை டிரைவருக்குள் கொண்டுவருவதுதான் நோக்கம். ஏற்றுக்கொண்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் திருத்தத்துக்கே ஒரு திருத்தம் எழுத வேண்டி வந்தது. விட்டுப்போயிருந்தது ஒரே ஒரு நிபந்தனை: 'பெறுமுனைச் சேமிப்பில் ஒரு பைட்டும் இல்லை என்றால் மட்டும்'. முந்தைய நிரலில் அது இருந்தது. புது வைத்தியத்தை எழுதும்போது கழன்றுவிட்டது.

கவனக்குறைவு என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம்தான். ஆனால் டிரைவர் மாற்றங்களைச் சரிபார்க்கும் வேலை, அதாவது ரிவ்யூ, மற்ற மென்பொருள் ரிவ்யூவிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று காட்ட இதைவிடச் சின்ன உதாரணம் கிடைக்காது. அதனால் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ஊர். டிஐ இந்தியாவுக்கு, பெங்களூருக்கு, வந்தது 1985-இல். பன்னாட்டு நிறுவனம் ஒன்று இந்தியாவில் தொடங்கிய முதல் பெரிய மென்பொருள் வடிவமைப்பு மையம் அதுதான். மில்லர்ஸ் ரோட்டில் சோனா டவர்ஸ் கட்டடம். அமெரிக்காவுக்கு நேரடி செயற்கைக்கோள் இணைப்பு. அதற்கான தட்டு ஆண்டெனா மாட்டு வண்டியில் வந்து சேர்ந்த கதையை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அன்றைய இணைப்பின் வேகம் நொடிக்கு 64 கிலோபிட். இன்று அதே ஊரில் ஒரு பொறியாளரின் மேஜையில், பூட் ஆகாத போர்டில் செருகியிருக்கும் மூன்று ஒயர் சீரியல் கேபிள் சாதாரணமாக ஓடுவது நொடிக்கு 1,15,200 பிட். அந்த நாளின் கடல் கடந்த இணைப்பைவிட இது வேகம். ஆனாலும் இன்றைய கணக்கில் இது நத்தைதான்.

நத்தையை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்? புது போர்டுக்கு முதல் தடவை கரன்ட் கொடுக்கும்போது திரை இயங்காது, நெட்வொர்க் இயங்காது, யுஎஸ்பி இயங்காது. அவை எல்லாவற்றுக்கும் பெரிய பெரிய டிரைவர்கள் எழுந்து நிற்க வேண்டும். சீரியல் போர்ட்டுக்கு அது வேண்டாம். ஒரு முகவரியில் ஒரு பைட்டை எழுதினால் அது ஒயரில் வெளியே போகும், அவ்வளவுதான். சென்னை ஐஐடியின் சக்தி செயலி 2018-இல் லினக்ஸை பூட் செய்தது. அதுபோன்ற எந்தப் புது சிப்பும் வாயைத் திறந்து பேசும் முதல் வழி பெரும்பாலும் இதுதான். இங்கே பிழை வந்தால், மற்ற பிழைகளைத் தேட வைத்திருந்த விளக்கே அணைந்த மாதிரி.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. ஒயர் சும்மா இருக்கும்போது உயர் நிலையில் இருக்கும். ஒரு எழுத்து வரப்போகிறது என்றால் முதலில் தாழ்ந்து ஒரு தொடக்க பிட். பிறகு எட்டு தரவு பிட், கடைசி இலக்கத்திலிருந்து ஆரம்பித்து. அப்புறம் ஒரு முடிவு பிட். டெலிபிரின்டர் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. பெறும் பொறி ஒரு சுற்றுச் சுற்றி நின்று அடுத்த எழுத்துக்குத் தயாராக அவகாசம் வேண்டியிருந்தது. 1960-இல் சென்னையில் தொடங்கிய ஹிந்துஸ்தான் டெலிபிரின்டர்ஸ் ஆலையில் செய்த இயந்திரங்களும் இதே தொடக்கம்-முடிவு முறையில்தான் தட்டின. ஆக ஓர் எழுத்துக்குப் பத்து பிட். 1,15,200 வேகத்தில் நொடிக்கு 11,520 எழுத்து. ஒவ்வொன்றுக்கும் சுமார் 87 மைக்ரோவினாடி.

இந்தப் பிட்டுகளைச் சேர்த்து பைட்டாக்கித் தரும் சில்லுப் பகுதிக்கு யூஆர்ட் என்று பெயர். ஒவ்வொரு பைட்டுக்கும் செயலியைக் கூப்பிட்டால் அது வேறு வேலையே பார்க்க முடியாது. அதனால் உள்ளே ஒரு வரிசைச் சேமிப்பு. பொறியாளர்கள் ஃபைஃபோ என்பார்கள். டிஐயின் யூஆர்ட்டில் அது 64 பைட். லினக்ஸ் டிரைவர் அதில் 48 பைட் சேர்ந்ததும் தன்னைக் கூப்பிடும்படி சொல்லி வைத்திருக்கிறது. அந்தக் கூப்பாடுதான் இன்டரப்ட்.

ஆனால் 48 சேராவிட்டால்? நீங்கள் இரண்டெழுத்துக் கட்டளை ஒன்றைத் தட்டி என்டர் அழுத்தினால் மூன்றே பைட். ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் நிறைந்தால் கிளம்பும். நிறையாவிட்டால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, 'சரி, இருப்பவர்களோடு போவோம்' என்று கிளம்பும். யூஆர்ட்டும் அதையே செய்கிறது. உள்ளே பைட் இருந்து, சுமார் நான்கு எழுத்து நேரத்துக்குப் புதிதாக எதுவும் வரவில்லை என்றால் வேறு வகை இன்டரப்ட் ஒன்றை எழுப்பும். அதற்குப் பெயர் ரிசீவ் டைம்-அவுட். இந்தக் கட்டுரையின் வில்லன் இதுதான்.

டிஐயின் கே3 குடும்பச் சிப்புகளில் ஒரு விசித்திரம் தெரிந்தது. ஃபைஃபோவில் இருந்ததை எல்லாம் டிரைவர் எடுத்துக் காலி செய்த பிறகும் டைம்-அவுட் இன்டரப்ட் வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஓடிவந்து பார்க்கும், எடுக்க ஒன்றும் இல்லை, திரும்பிப் போகும். இன்டரப்ட் அப்படியே நிற்கும். மறுபடி ஓடிவரும். இப்படியே நொடிக்கு ஆயிரக்கணக்கில் சுற்றினால் செயலிக்கு வேறு எதற்கும் நேரம் இருக்காது. இதை இன்டரப்ட் புயல் என்பார்கள். 2021-இல் ஒரு திருத்தம் வந்தது. இந்தக் குடும்பச் சிப்பாக இருந்து, வந்தது டைம்-அவுட் இன்டரப்டாக இருந்து, ஃபைஃபோ மட்டமும் பூஜ்யமாக இருந்தால், பெறு ரிஜிஸ்டரை (வந்த பைட்டை எடுக்கும் முகவரியை) சும்மா ஒரு தடவை படித்துவிடு, இன்டரப்ட் இறங்கிவிடும்.

மூன்று நிபந்தனையும் ஏன் வேண்டும்? இங்கேதான் டிரைவர் ரிவ்யூவின் தனிக்குணம் வருகிறது. சாதாரண நிரலில் ஒரு மாறியைப் படிப்பதால் எதுவும் கெடாது. பத்து தடவை படித்தாலும் அதே மதிப்புதான். வன்பொருள் ரிஜிஸ்டரில் அப்படி இல்லை. பெறு ரிஜிஸ்டரைப் படித்தால் வரிசையில் முதலில் நின்ற பைட் வெளியே வந்துவிடும். திரும்ப வைக்க முடியாது. நிலை ரிஜிஸ்டரைப் படித்தால் அதில் பதிவாகியிருந்த பிழைக் குறிகள் அழிந்துபோகும். இன்டரப்டின் வகையைச் சொல்லும் ரிஜிஸ்டரைப் படிப்பதே சில இன்டரப்டுகளைத் தணித்துவிடும். போதாக்குறைக்கு, 8250 என்ற பழைய யூஆர்ட் சில்லின் வம்சத்தில் பூஜ்ய முகவரி ஒன்றே மூன்று வேஷம் போடும். படித்தால் வந்த பைட், எழுதினால் போகவேண்டிய பைட். இன்னொரு ரிஜிஸ்டரில் ஒரு பிட்டை ஏற்றிவிட்டால் அதே முகவரி வேகத்தை நிர்ணயிக்கும் வகு எண்ணின் பாதி. எனவே 'சும்மா ஒரு தடவை படி' என்ற வரியைப் பார்த்ததும் ரிவ்யூ செய்பவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அந்தக் கணத்தில் ஃபைஃபோவில் உண்மையாகவே ஒரு பைட் இருந்தால் அதை விழுங்கிவிடுவோமே! அதனால்தான் மட்டம் பூஜ்யமா என்ற சோதனை.

இரண்டாவது நிபந்தனையையும் கிட்டத்தில் பார்க்கலாம். இன்டரப்டின் வகை நான்கு பிட்டில் வரும். டைம்-அவுட்டுக்கு 1100. 'ஃபைஃபோவில் குறித்த அளவு சேர்ந்துவிட்டது' என்பதற்கு 0100. கோட்டில் ஏதோ பிழை என்றால் 0110. அவசரத்தில் எழுதுபவர் 'வந்த மதிப்பில் 1100-இன் பிட் ஏதாவது இருக்கிறதா' என்று மட்டும் கேட்டால் மூன்றுக்குமே ஆம் என்ற பதில்தான் கிடைக்கும். வடிகட்டி எடுத்த மதிப்பு 1100-க்குச் சரிசமமா என்று கேட்க வேண்டும். கெர்னலில் உள்ள வரி அப்படித்தான் கேட்கிறது. படிக்கையில் தேவையில்லாத நீளமாகத் தோன்றும். 'சுருக்கி எழுதலாமே' என்று கை அரிக்கும்.

பிறகு அந்தப் பழுது டிஐயின் பிழைப்பட்டியலில் ஐ2310 என்ற எண்ணோடு இடம்பெற்றது. சிப் விற்பனைக்குப் போன பின் தெரியவரும் கோளாறுகளை நிறுவனங்கள் இப்படி எண் போட்டு வெளியிடும். சிலிக்கானை மாற்ற முடியாது, மென்பொருளில் சுற்றிப் போங்கள் என்று அர்த்தம். ஐ2310 சொல்வதன்படி, பெறு ரிஜிஸ்டரையோ நிலை ரிஜிஸ்டர்களையோ படிக்கும்போதே டைம்-அவுட் இன்டரப்ட் தப்பாக எழலாம், அல்லது தப்பாக அழியலாம். கொஞ்சம் நின்று யோசித்தால் சிரிப்பு வரும்: 2021-இன் வைத்தியமே பெறு ரிஜிஸ்டரைப் படிப்பதுதான்! பட்டியல் சொன்ன முறை வேறு. டைம்-அவுட் எண்ணியில் பெரிய மதிப்பை வை. டைம்-அவுட்டைத் திரும்பத் திரும்ப வரும் முறைக்கு மாற்று. இன்டரப்ட் வகை ரிஜிஸ்டரைப் படித்து இன்டரப்டை இறக்கு. பிறகு எல்லாவற்றையும் பழையபடி வை. இவ்வளவும் எப்போது? இன்டரப்ட் தப்பாக எழுந்து, ஃபைஃபோவும் காலியாக இருக்கும்போது.

2024 ஜூன் திருத்தம் இந்தப் படிகளை ஒன்றுவிடாமல் எழுதியது. எண்ணியின் பழைய மதிப்பை எடுத்து வைத்துக்கொள்வது, கடைசியில் திருப்பி வைப்பது எல்லாம் இருந்தன. நிபந்தனையில் சிப் குடும்பம் இருந்தது, இன்டரப்ட் வகை இருந்தது. மூன்றாவது போய்விட்டது. பைட்டுகள் காத்திருக்கும்போது வரும் நியாயமான டைம்-அவுட்டுக்கும் பொய்யான டைம்-அவுட்டுக்கும் வித்தியாசம் பாராமல் ஒரே வைத்தியம். கெர்னலுக்குள் போன பின் அதே நிறுவனத்தின் இன்னொரு பொறியாளர் இதைச் சுட்டிக்காட்டினார். எழுதியவரே அடுத்த திருத்தத்தை அனுப்பினார். பிழைப்பட்டியல் கேட்ட மட்டச் சோதனையை விட்டுவிட்டோம், திரும்பச் சேர்க்கிறோம் என்று அதன் விளக்கக் குறிப்பில் ஒளிவுமறைவில்லாமல் இருந்தது.

அந்தக் குறிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. கெர்னலில் பழுது நீக்கும் திருத்தம் வழக்கமாகத் தான் எந்தப் பழைய மாற்றத்தின் குறையைச் சரிசெய்கிறது என்று ஒரு வரி போடும். இரண்டாவது ஜூன் திருத்தம் முதலாவதைக் கைகாட்டுகிறது. முதலாவது 2021-ஐக் கைகாட்டுகிறது. 2021-இன் திருத்தம் இந்தச் சிப்புக்கு ஆதரவு சேர்த்த ஆரம்ப மாற்றத்தைக் கைகாட்டுகிறது. ஆஸ்பத்திரியில் நல்ல கேஸ் ஷீட்கூட இவ்வளவு ஒழுங்காகக் கிடைக்காது.

ரிவ்யூ செய்பவர் அந்த முதல் திருத்தத்தை எப்படிப் பார்த்திருப்பார் என்று கற்பனை செய்வது கடினமில்லை. திரையில் கூட்டல் குறியோடு பதினைந்து இருபது புது வரிகள். கழித்தல் குறியோடு ஓரிரு வரிகள். கண் போவது கூட்டலுக்குத்தான். ரிஜிஸ்டர் பெயர் சரியா, வரிசை சரியா, பழைய மதிப்பு திரும்பப் போகிறதா என்று பார்க்கவே நேரம் சரியாகிவிடும். கழித்தல் வரி ஏற்கெனவே செத்த வரி. அதை யார் படிப்பார்கள்? என்னைக் கேட்டால் டிரைவர் ரிவ்யூவில் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். அங்கே ஒரு நிபந்தனை நின்றிருந்தது என்றால் யாரோ ஒருவர் போர்டு தொங்கி, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அதை எழுதியிருக்கிறார். அந்தக் காரணம் இப்போது இல்லை என்று புதுத் திருத்தம் நிரூபிக்காதவரை அந்த வரி அங்கேயே நிற்க வேண்டும்.

சீரியல் டிரைவர் முழுக்க இப்படிப்பட்ட வரிகள்தான். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது நேஷனல் செமிகண்டக்டரின் 8250. அடுத்து 16450 வந்தது. பிறகு ஃபைஃபோவோடு 16550 வந்தது. அந்த ஃபைஃபோ பழுது, பயன்படுத்தவே முடியாது. அதைச் சரிசெய்து வந்தது 16550ஏ. இந்த நாலில் எது இருக்கிறது என்று சிப்பிடம் நேராகக் கேட்க வழியில்லை. எனவே லினக்ஸ் துப்பறிகிறது. ஃபைஃபோவை இயக்கச் சொல்லிவிட்டு, இன்டரப்ட் வகை ரிஜிஸ்டரின் மேல் இரண்டு பிட்டைப் பார்க்கும். இரண்டும் 1 என்றால் நல்ல ஃபைஃபோ. 10 என்றால் அந்தப் பழுதுக்காரன், ஃபைஃபோவைத் தொடாதே. 00 என்றால் ஃபைஃபோவே இல்லை; அப்போது ஒரு கிறுக்கல் ரிஜிஸ்டரில் எதையாவது எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். எழுதியது திரும்பி வந்தால் 16450, வராவிட்டால் 8250. நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு சில்லின் அவமானம் இன்றைய கெர்னலில் இரண்டு பிட்டாக உட்கார்ந்திருக்கிறது. எடுத்துவிடலாமா? எங்கோ ஒரு தொழிற்சாலையில் பழைய இயந்திரம் ஒன்று அந்தப் பாதை வழியாகத்தான் தினமும் எழுகிறது என்றால்?

அந்தக் கேள்விக்கு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருந்த நிரல் உங்கள் மாற்றத்தால் நின்றால் தப்பு உங்களுடையது. 2009 ஜூலையில் இதே சீரியல்-டெர்மினல் பகுதியில் வந்த ஒரு மாற்றம் ஈமேக்ஸ் போன்ற சில நிரல்களைத் தடுமாற வைத்தது. அந்த நிரல்கள்தாம் தப்பாக எழுதப்பட்டவை என்ற தரப்பில் நின்றவர் பகுதியின் பராமரிப்பாளர் ஆலன் காக்ஸ். டோர்வால்ட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. காக்ஸ் பொறுப்பையே விட்டு விலகினார். பிறகு அந்தப் பகுதி கிரெக் குரோவா-ஹார்ட்மன் கைக்கு வந்தது. தொழில்நுட்ப நியாயம் காக்ஸ் பக்கமும் இருந்தது என்பது என் எண்ணம். ஆனால் பயனர் பக்கம் நின்ற விதிதான் வென்றது.

வேகத்தையும் மறந்துவிடக் கூடாது. ஒரு போர்டு விழும்போது கெர்னல் தன் கடைசிச் செய்திகளை சீரியல் ஒயரில் எழுதுகிறது. 80 எழுத்து வரி ஒன்றுக்கு ஏறக்குறைய 7 மில்லிவினாடி. ஒரே சமயத்தில் இருவர் போர்ட்டைத் தொடாமல் காக்கும் பூட்டை (லாக்) அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு இன்டரப்டுகளை நிறுத்தி வைத்தால், மைக்ரோவினாடிக் கணக்கில் பதில் தரவேண்டிய ரோபோ கை என்ன ஆகும்? குறித்த நேரத்துக்குள் பதில் தருவதை உறுதிசெய்யும் நிகழ்நேரக் கெர்னல் வேலை இருபது வருஷமாக நடந்து, 2024 செப்டம்பரில்தான் முக்கியக் கெர்னலில் சேர்ந்தது. கடைசிவரை வழிமறித்து நின்றது செய்தி அச்சிடும் இந்தப் பாதைதான். எனவே சீரியல் டிரைவரில் யாராவது ஒரு பூட்டை நகர்த்தினால், செயலியின் எந்த மையத்தில் (கோர்), எந்த இன்டரப்டுக்குள், யார் அதைப் பிடித்திருக்கும்போது என்று மூன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது.

இத்தனை கேட்டும் ஒரு சங்கடம் மிச்சம்: ரிவ்யூ செய்பவரிடம் அந்த வன்பொருள் பெரும்பாலும் இருக்காது. கே3 சிப்பின் பொய் இன்டரப்டைப் பார்க்க அந்தச் சிப் வேண்டும், சரியான வேகம் வேண்டும், பைட்டுகளுக்கு நடுவில் சரியான இடைவெளியும் வாய்க்க வேண்டும். அதனால்தான் 'சோதித்தவர்' என்று ஒருவர் பெயரைத் திருத்தத்தின் கீழே தனியாகப் போடுகிறார்கள். படித்துப் பார்த்தவர் வேறு, ஓட்டிப் பார்த்தவர் வேறு.

ஓட்டிப் பார்க்க வேண்டிய சாமான் பெங்களூரில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். யுஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் சின்ன போர்டுகள், கவரில் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். சிப்பின் மீது அதைத் தயாரிக்கும் நிறுவனமான எஃப்டிடிஐயின் பெயர் அச்சிட்டிருக்கும். அசலா நகலா என்று கண்ணால் சொல்ல முடியாது. 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ வின்டோஸுக்குப் புது டிரைவர் ஒன்றை வெளியிட்டது. தானியங்கி அப்டேட்டில் அது வீடு தேடி வந்தது. நகல் சிப்பைக் கண்டால் அதன் உள் நினைவகத்தில் இருக்கும் தயாரிப்பு அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிடும். அதற்கப்புறம் எந்தக் கணினியும் அதை அடையாளம் கண்டுகொள்ளாது. போர்டுகள் செத்துப்போனதாக உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்தது. சில நாளில் டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள்.

அதே வேலையை லினக்ஸிலும் செய்யும் திருத்தம் ஒன்றை அப்போது ஒருவர் அனுப்பினார். கிண்டலாகத்தான். குரோவா-ஹார்ட்மனும் ஏப்ரல் ஒன்றுக்கு வைத்திருக்கலாமே என்ற தோரணையில் சிரித்து ஒதுக்கினார். அந்த மாதமே இன்னொரு திருத்தமும் வந்தது. அடையாள எண் பூஜ்யமாகிப்போன சிப்புகளையும் தன்னுடையவை என்று லினக்ஸ் டிரைவர் ஏற்றுக்கொள்ள, ஆதரிக்கும் சாதனங்களின் பட்டியலில் அந்தப் பூஜ்யத்தையும் சேர்க்கச் சொன்னது. ரிவ்யூவில் ஆட்சேபம் எதுவும் நிற்கவில்லை. சேர்த்துவிட்டார்கள்.